மைக்கைக் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்

மேடைக்கு ஒருவரை அழைக்கிறோமே, அந்த ஒரு நிமிட அறிமுகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் கல்லூரி விழாக்களின் சீசன் மறுபடியும் வருகிறது. இந்த வருஷமும் மாணவர்கள் வந்து, "மேம், இன்ட்ரோ மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று கேட்பார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொல்வதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்த நீளப் பதிவு. மேடையேறி மைக் பிடிக்கும் யாருக்கும் இது உதவும்.

நான் சொல்ல வருவது இதுதான். விஞ்ஞானி, தொழில்முனைவோர், நாட்டுப்புறக் கலைஞர், தாள வாத்தியக்காரர் என்று பலரும் ஒரே மேடையில் ஏறும் நாளில், யாரைச் சிந்தனையாளராகக் கேட்பது, யாரைப் பொழுதுபோக்காகப் பார்ப்பது என்பதை அவை முடிவு செய்வது பேச்சையோ ஆட்டத்தையோ பார்த்த பிறகு இல்லை. அறிமுகம் செய்பவர் வாயைத் திறந்த உடனேயே அது முடிவாகிவிடுகிறது. அதனால் அந்த ஒரு நிமிடம் ஒரு சடங்கு இல்லை, பொறுப்பு.

இந்த மேடைகள் எப்படி நடக்கின்றன

இப்படிப் பல துறையினர் ஒரே மேடையில் சுருக்கமாகப் பேசும் நிகழ்ச்சிகளுக்கு முன்மாதிரியான டெட் மாநாடு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1984இல் தொடங்கியது. அந்தப் பெயரில் உள்ளூர்க்காரர்களே உரிமம் வாங்கி நடத்தும் டெட்எக்ஸ் நிகழ்ச்சிகள் 2009இல் ஆரம்பித்தன. பல்கலைக்கழகங்களுக்கென்று தனி வகை உரிமம் உண்டு. கிறைஸ்ட் பல்கலைக்கழகம் உட்பட பெங்களூரின் பல வளாகங்களில் இப்படி நடந்திருக்கிறது. அந்தப் பெயர் இல்லாமல், அதே அச்சில், "ஐடியாஸ் டே", "கான்க்ளேவ்" என்று நடத்தும் கல்லூரிகள் இன்னும் ஏராளம்.

டெட்எக்ஸ் விதிகள் எளிமையானவை. ஒருவருக்கு அதிகபட்சம் 18 நிமிடம். விளம்பரதாரர் மேடையேறிப் பேச முடியாது. உரிமம் எடுத்தவர் டெட்டின் அதிகாரபூர்வ மாநாடு ஒன்றில் கலந்துகொண்டிருக்காவிட்டால் அரங்கில் 100 பேருக்குமேல் இருக்கக்கூடாது. பேசுகிறவருக்குச் சன்மானம் கிடையாது, பயணச் செலவும் தங்குமிடமும் தரலாம்.

அந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாதச் சம்பளம் வாங்கும் பேராசிரியருக்கு ஒரு சனிக்கிழமை போனால் பெரிய விஷயமில்லை. பல்லாரியிலிருந்தோ உத்தர கன்னடத்திலிருந்தோ ராத்திரி பஸ் பிடித்து வரும் கலைஞருக்கு அது ஒரு நாள் பிழைப்பு. ஒரே விதிதான், ஆனால் எல்லாருக்கும் ஒரே பாரமாக விழுவதில்லை. டெட்எக்ஸ் பெயரில் நடத்தாதவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடே இல்லை. அவர்கள் கலைஞருக்குக் கட்டாயம் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. டெட்எக்ஸ் பெயரில் நடத்துகிறவர்கள் பயணத்துக்கும் தங்குவதற்கும் ஆகும் செலவைக் கலைஞர் கேட்கும்வரை காத்திருக்காமல், முதல் போன் காலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"அடுத்து ஒரு கலர்ஃபுல் பெர்ஃபார்மன்ஸ்!"

நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனர், ஒரு மூளை ஆராய்ச்சியாளர், ஒரு மலையேறுபவர், அப்புறம் ஒரு நடனம். மறுபடி இரண்டு பேச்சு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டு. பேச்சு சோறு, கலை ஊறுகாய் என்ற கணக்கு.

நகரத்தில் ஒரு விழா, எது என்பது வேண்டாம். டொள்ளு குணிதக் குழு ஒன்று வந்திருந்தது. பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் தொகுப்பாளர் அரைப் பக்கம் படித்தார். படித்த கல்லூரி, வாங்கிய விருது, நிறுவனத்தின் மதிப்பு எல்லாம் வந்தது. டொள்ளுக் குழுவின் முறை வந்தபோது, "இப்போது ஒரு கலர்ஃபுல் பெர்ஃபார்மன்ஸ், ஒரு பெரிய கைதட்டல்!" என்றார். முடிந்தது. குழுத் தலைவரின் பெயர் இல்லை, ஊர் இல்லை. இடுப்பில் அந்தப் பெரிய முரசைக் கட்டிக்கொண்டு சுழன்று ஆடும் இந்த ஆட்டம் பீரலிங்கேஸ்வரர் வழிபாட்டோடும் குருபர் சமூகத்தோடும் பிறந்து வளர்ந்தது என்பதும் இல்லை. ஆட்டம் தொடங்கியதும் பாதி அரங்கம் போனைத் தூக்கி ரீல்ஸ் எடுத்தது. மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லையே. போஸ்டரில் பேச்சாளர்களுக்கு முகமும் பெயரும் இருந்தன. இந்தக் குழுவுக்கு "ஃபோக் டான்ஸ்" என்ற இரண்டு சொல்தான்.

வருத்தம் என்னவென்றால், பேச்சையும் பாட்டையும் இப்படிப் பிரித்து வைக்கும் பழக்கம் நம் ஊர் மேடைகளில் இருந்ததே இல்லை. வில்லுப்பாட்டில் கதை, பாட்டு, தர்க்கம், ஊர் நியாயம் எல்லாம் ஒரே ஆள் வாயிலிருந்து வரும். ஹரிகதைக்காரர் பாடிக்கொண்டே தத்துவம் பேசுவார். கர்நாடகக் கடற்கரையில் தாளமத்தளே என்று ஒன்று உண்டு. யட்சகானத்தின் பாட்டும் மத்தளமும் இருக்கும், வேஷமும் ஆட்டமும் இருக்காது. பாத்திரங்களாக உட்கார்ந்திருப்பவர்கள் எழுதி வைத்த வசனம் இல்லாமல், கர்ணன் செய்தது சரியா, வாலியைக் கொன்றது நியாயமா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கருத்து மாநாடு என்றால் அதைவிட வேறென்ன? அப்படிப்பட்ட மண்ணில் கலையை இடைவேளைச் சமாசாரமாக வைப்பது நமக்குப் பொருந்தாத பழக்கம்.

மைசூரில் 2009

பேச்சையும் கலையையும் ஒரே மேடையில் சமமாக வைப்பது சாத்தியம் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2009 நவம்பரில் மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்தில் டெட்இந்தியா மாநாடு நடந்தது. கிறிஸ் ஆண்டர்சனும் லட்சுமி பிரதூரியும் அதை நடத்தினார்கள். அந்தப் பட்டியலை இன்றும் என் மாணவர்களுக்குக் காட்டுவேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து துளசிராஜ் ரவில்லா வந்தார். 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனை எப்படி அத்தனை பேருக்குப் பார்வை கொடுக்கிறது என்று விளக்கினார். பாம்பு, முதலை ஆராய்ச்சிக்காரர் ரோமுலஸ் விட்டேக்கர் வந்தார். ராஜஸ்தானின் பழைய நீர்நிலைகளைப் பற்றி அனுபம் மிஸ்ரா பேசினார். நம் டிரம்ஸ் சிவமணி தண்ணீரிலும் சூட்கேஸிலும்கூடத் தாளம் எடுத்தார். நடனக் கலைஞர் மல்லிகா சாராபாய் கலை எப்படிச் சமூகத்தை மாற்றும் என்று பேசினார். ஆனந்தா சங்கர் ஜெயந்த் பேசினார், ஆடவும் செய்தார்.

அதே மேடையில் ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ் ரோஸ்லிங்கும் இருந்தார். புள்ளிவிவரங்களை நகரும் குமிழ்களாகக் காட்டி உலகத்தையே பார்க்க வைத்த டாக்டர் அவர். 1972இல், 24 வயதில், நம் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் பொதுச் சுகாதாரம் படிக்க வந்தார். முதல் நாள் காலையிலேயே இந்திய மாணவர்கள் தன்னைவிட நன்றாகப் படித்திருப்பதைக் கண்டு அதிர்ந்து போனதை அந்த மேடையில் சொன்னார். மேற்கு எப்போதும் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்ற எண்ணம் அங்கேதான் உடைந்தது என்றார். இந்தியாவும் சீனாவும் அமெரிக்காவின் வருமான அளவை எட்டும் நாள் என்று தன்னுடைய நூறாவது பிறந்தநாளான 2048 ஜூலை 27ஐக் குறித்துக் கொடுத்தார். 2017இல் அவர் மறைந்துவிட்டார்.

இப்போது ரோஸ்லிங்கை எப்படி அறிமுகம் செய்வீர்கள்? "சர்வதேசச் சுகாதாரத் துறைப் பேராசிரியர், பல விருதுகள் பெற்றவர்" என்றால் தப்பில்லை. ஆனால் பெங்களூர் அரங்கத்தில், "இதே ஊர் வகுப்பறை ஒன்றில் தன் எண்ணத்தையே மாற்றிக்கொண்ட மனிதர் இவர்" என்று சொன்னால், பின்வரிசையில் இருக்கும் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான். 2007இல் டெட் மேடையிலேயே ஒரு வாளை விழுங்கிக் காட்டியவர் அவர். முடியவே முடியாது என்று நினைப்பதும் முடியும் என்று காட்டத்தான் அதைச் செய்தார். அவரைப் பேச்சாளர் பட்டியலில் சேர்ப்பதா, கலைஞர் பட்டியலில் சேர்ப்பதா? அந்தக் கோடே தேவையில்லை என்பதற்கு அவரே சாட்சி. பெங்களூரிலேயே இன்னொரு சாட்சி உண்டு. அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா, இந்திய அறிவியல் கழக வளாகத்தில் 1988இல் தொடங்கிய தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர், தேர்ந்த பியானோ கலைஞரும்கூட.

இல்லாததைச் சொல்லி அறிமுகம் செய்யாதீர்கள்

அறிமுக உரைகளில் நான் அடிக்கடி பார்க்கும் முதல் குறை, ஒருவரிடம் இல்லாததை வைத்து அவரைப் பெரிய ஆளாக்குவது. "பள்ளிக்கூடமே போகாதவர், ஆனாலும்..." என்று தொடங்குவது.

துளசி கவுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தர கன்னட மாவட்டம் அங்கோலா தாலுகாவின் ஹொன்னள்ளி ஊர், ஹாலக்கி சமூகம். வனத்துறை நாற்றங்காலில் வேலை செய்து வாழ்நாளைக் கழித்தவர். 2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் வெறுங்காலோடு பத்மஸ்ரீ வாங்க நடந்து போன படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். 2024 டிசம்பரில் மறைந்தார். அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எழுதப்படிக்கத் தெரியாதவர், காலில் செருப்பில்லாதவர் என்றே தொடங்குவார்கள். அவருக்குத் தெரிந்தது என்ன என்று சொல்ல மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு இனத்திலும் தாய்மரம் எது என்று காட்டுக்குள் போய் அடையாளம் காட்டுவார். அந்த மரத்தின் விதையை எப்போது எடுக்க வேண்டும், எப்படி முளைக்க வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அது ஓர் அறிவுத் துறை. தாவரவியல் பேராசிரியர் ஒருவரை, "இவர் பரதநாட்டியம் கற்காதவர், ஆனாலும்..." என்று நாம் அழைப்பதில்லை. துளசி கவுடாவுக்கும் அந்த மரியாதை உண்டு.

இரண்டாவது குறை, அடையாளத்தைச் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிடுவது. மஞ்சம்மா ஜோகதிக்கும் அதே 2021 நவம்பரில்தான் பத்மஸ்ரீ வழங்கினார்கள். குடியரசுத் தலைவருக்குப் புடவை முந்தானையால் திருஷ்டி கழித்து ஆசி சொன்னாரே, அவர்தான். கர்நாடக ஜானபத அகாடமிக்குத் தலைவரான முதல் திருநங்கை. அது வரலாறு, சொல்ல வேண்டும்தான். அதோடு நிறுத்திவிட்டால், தலையில் எல்லம்மாவின் குடத்தைச் சுமந்துகொண்டு ஆடும் ஜோகதி நிருத்யத்தில் அவர் யார், யாரிடம் கற்றார், அதை எப்படி மேடைக்குக் கொண்டுவந்தார் என்பதெல்லாம் காணாமல் போய்விடும். அவர் ஒரு கலையின் ஆசான். கலையை முதலில் சொன்னால் மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வந்து நிற்கும்.

மூன்றாவது, துன்பத்தை முன்கூட்டியே போட்டு உடைப்பது. டெட்இந்தியாவில் பேசிய சுனிதா கிருஷ்ணன் பெங்களூரில் பிறந்தவர். பெண்களையும் குழந்தைகளையும் கடத்தி விற்பதை எதிர்த்து ஹைதராபாத்தில் பிரஜ்வலா அமைப்பை நடத்துகிறவர். தனக்கு நேர்ந்த கொடுமையை அந்த மேடையில் அவரே, அவருக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய சொற்களில் சொன்னார். அதைத் தொகுப்பாளர் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால்? அது அவருடைய கதை, எப்போது சொல்வது என்பதும் அவருடைய உரிமை. ஆனந்தா சங்கர் ஜெயந்துக்கும் அப்படித்தான். அவர் நாட்டியக் கலைஞர், இந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர், புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவிலும் ஆடுவதை விடாதவர். "புற்றுநோயை வென்றவர்" என்று அழைத்தால் அவை பரிதாபத்தோடு பார்க்கும். "நாட்டியக் கலைஞர், ரயில்வே அதிகாரி" என்று அழைத்தால் ஆர்வத்தோடு பார்க்கும். நோயைப் பற்றி அவரே சொல்லும்போது அது நெஞ்சில் இறங்கும்.

நான்காவது, மொழிக்காக மன்னிப்புக் கேட்பது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 2012இல் டெட் அமைப்பு பெங்களூரில் நடத்திய மேடையில் பேசினார். மலிவு விலை சானிட்டரி நாப்கின் இயந்திரத்தைக் கண்டுபிடித்த கதை. இலக்கணம் பார்த்துப் பேசும் இங்கிலீஷ் இல்லை, பட்டறை இங்கிலீஷ். அந்தப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள், அவையை எப்படிக் கையில் வைத்திருக்கிறார் என்று தெரியும். "அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொல்லி அழைத்திருந்தால், அவர் முதல் சிரிப்பை வரவழைப்பதற்குள் அவை அவரை ஒரு படி கீழே வைத்திருக்கும். கன்னடத்தில் பேசுகிறவரைக் கன்னடத்தில் அழையுங்கள். பெங்களூர்க் கல்லூரியில் கேரளப் பிள்ளைகளும் மணிப்பூர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள், சரிதான். அதற்குத் திரையில் மொழிபெயர்ப்பு ஓடவிடலாம், பக்கத்தில் ஒரு மாணவர் நின்று சொல்லலாம். அது அமைப்பாளர் செய்ய வேண்டிய ஏற்பாடு. பேச்சாளரின் குறை ஆகாது.

ஒரு கடத்தை எப்படி மேடையில் வைப்பது

கொஞ்சம் கிட்டே போய் ஓர் உதாரணம் பார்ப்போம். பெங்களூரில் வாழும் கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபாலை உங்கள் கல்லூரிக்கு அழைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடினால் பயோ கிடைக்கும்: விக்கு விநாயக்ராமின் சிஷ்யை, முதல் பெண் கடக் கலைஞர், சங்கீத நாடக அகாடமி விருது, ஸ்த்ரீ தாள் தரங் என்ற பெண்கள் குழுவை நடத்துபவர். எல்லாம் உண்மை. அதை வரிசையாகப் படித்தால், கடம் என்றால் என்ன என்றே தெரியாத பி.டெக். மாணவருக்கு ஒன்றும் ஒட்டாது.

கடத்தில் என்ன இருக்கிறது? மண். மடியில் வைத்து, வாயை வயிற்றோடு அணைத்து வாசிப்பார்கள். வயிற்றிலிருந்து வாயை விலக்கி அணைக்கும்போது நாதமே மாறும். விரல், நகம், உள்ளங்கை, மணிக்கட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். சூளையில் சுட்டு எடுத்த பிறகு அதன் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. மிருதங்கத்தைப் போல வாரைத் தட்டிச் சரி செய்ய வழியில்லை. பாடகரின் சுருதிக்கேற்ற கடத்தைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெவ்வேறு சுருதியில் பல கடங்களை அரைவட்டமாக வைத்து வாசிக்கும் கட தரங்கம் என்ற வடிவத்தில் சுகன்யா ராம்கோபால் பெயர் பெற்றவர்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் எழுதும் அறிமுகம் இப்படி இருக்கும்:

"இந்த வாத்தியத்தில் தோல் இல்லை, தந்தி இல்லை. சுட்ட மண் மட்டும்தான். ஒரு பானைக்கு ஒரே சுருதிதான். அப்படியென்றால் மண்பானையில் ராகம் வாசிக்க முடியுமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவர் பல கடங்களை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நம் ஊர்க்காரர், ஹரிஹர சர்மாவிடமும் விக்கு விநாயக்ராமிடமும் கற்றவர், சுகன்யா ராம்கோபால்."

அவ்வளவுதான். பெண் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க மறுத்த வித்வான்கள் இருந்த கதையை நான் சொல்ல மாட்டேன். அதை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மேடையிலும் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். விருது பற்றியும் சொல்லவில்லை, அதை நிகழ்ச்சி மடலில் அச்சடித்துவிடலாம். அவையிடம் நான் கொடுத்தது ஒரே ஒரு கேள்வி. அடுத்த 18 நிமிடமும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

இங்கே இன்னொரு பெயருக்கும் இடம் வேண்டும். சிவகங்கை மாவட்டம் மானாமதுரையில் தலைமுறை தலைமுறையாகக் கடம் செய்கிறார்கள். கனமான கடம், கணீரென்ற நாதம். அந்த ஊரின் மீனாட்சி கேசவன் கடம் செய்வதற்காகவே சங்கீத நாடக அகாடமியின் விருது பெற்றவர். சென்னையிலும் பெங்களூரிலும்கூடக் கடம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மேடையில் ஒலிக்கப்போகும் கடத்தைச் செய்தவர் யார் என்று கலைஞரிடம் கேட்டு, அந்தப் பெயரையும் சொல்லுங்கள். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் கையும் இருந்ததை அதில் படிக்கலாம். இத்தனை வருஷக் கச்சேரிகளில் எத்தனை மேடையில் அந்தப் பெயர்களைச் சொல்லியிருப்போம்?

விஞ்ஞானத்துக்கும் தாளத்துக்கும் பாலம் போடவும் பெங்களூரை விட்டு வெளியே போக வேண்டாம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இங்கே வந்தார். அடுத்த வருஷம் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கி, அதன் ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே இந்தியத் தாள வாத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதாரண முரசின் தோல் அதிரும்போது எழும் ஒலிகள் ஒன்றுக்கொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசும் கருஞ்சோறு அந்த அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, இசைவான சுரங்களாக்குகிறது என்று காட்டினார். நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர், தோலைக் கட்டிச் சோறு பூசுகிறவரின் கைவேலையில் இயற்பியலைக் கண்டார். உங்கள் நிரலில் ஒரு ஒலியியல் பேராசிரியரும் ஒரு மிருதங்கக் கலைஞரும் இருந்தால் அவர்களை அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் வரும் அறிமுகத்தில் ராமனைச் சொல்லுங்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குவது அவைக்குப் புரியும்.

நாங்கள் செய்யும் வேலை

மாணவர்களோடு உட்கார்ந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது.

முதலில் போன். மின்னஞ்சலில் பயோ வாங்கினால் விருதுப் பட்டியல்தான் வரும். போனில் பேசினால் மனிதர் வருவார். மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். இப்போது எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? உங்களைப் பற்றி எதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது? யாருடைய பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பல பேர் அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்பார்கள். மூன்றாவது கேள்விக்கு விஞ்ஞானிகள் தங்கள் ஆய்வு மாணவர்களைச் சொல்வார்கள், கலைஞர்கள் குருவைச் சொல்வார்கள்.

பெயரை அவர்கள் குரலிலேயே ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக வாங்கிவிடுங்கள். கன்னடப் பெயரைத் தமிழ்ப் பிள்ளையும், தமிழ்ப் பெயரை டெல்லிப் பிள்ளையும் மேடையில் தடுமாறிப் படிப்பது கேட்கவே கஷ்டமாக இருக்கும். பெயரைச் சரியாகச் சொல்வதுதான் முதல் மரியாதை.

எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். "இது வேண்டாமே" என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். அவர்கள் பேச்சில் வைத்திருக்கும் திருப்பத்தை நீங்கள் முன்னாலேயே சொல்லிவிடவில்லை என்பதும் அப்போது உறுதியாகும்.

எல்லாருக்கும் ஒரே அளவு நேரம். துணைவேந்தர் அழைத்து வந்த விருந்தினராக இருந்தாலும், கிராமத்திலிருந்து வந்த குழுவாக இருந்தாலும் ஒரு நிமிடம். குழு என்றால் எல்லார் பெயரும். எட்டுப் பேர் என்றால் எட்டுப் பெயர், அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

கலைஞர்களுக்கு ஒலிச் சோதனைக்கு நேரம் ஒதுக்குங்கள். மைக்கை எங்கே வைப்பது என்று வாசிப்பவரிடம் கேளுங்கள். அவர்களையும் பேச்சாளர்களோடு முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்களுக்கும் கேள்வி நேரம் வையுங்கள். கிரண் சேத் 1977இல் டெல்லி ஐஐடியில் தொடங்கிய ஸ்பிக் மெக்கே இயக்கம் இதைப் பல வருஷமாகச் செய்துவருகிறது. பெரிய வித்வான்கள் கல்லூரிக்கு வந்து வாசிப்பார்கள், விளக்குவார்கள், மாணவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். "ஏன் இந்த இடத்தில் வேகம் கூடியது?" என்று ஒரு மாணவர் கேட்கும்போது அந்தக் கலைஞர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். கைதட்டல் தராத சந்தோஷம் அது.

கடைசியாக, யார் அறிமுகம் செய்வது? நன்றாக இங்கிலீஷ் பேசும் ஒரே மாணவி நாள் முழுக்க மைக் பிடிக்க வேண்டியதில்லை. அந்தந்த ஆளோடு போனில் பேசிய மாணவரே மேடையேறட்டும். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. தெரிந்த ஒருவரைப் பற்றிப் பேசுகிறவர் குரலுக்கும் தாளைப் பார்த்துப் படிக்கிறவர் குரலுக்கும் உள்ள வித்தியாசம் அவைக்கு உடனே தெரியும்.

போன வருஷம் எங்கள் கல்லூரியில் தாவணகெரே பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவன், தன் ஊர்ப்பக்கத்து டொள்ளுக் குழுவைத் தானே அறிமுகம் செய்கிறேன் என்று கேட்டான். கன்னடத்தில் பேசினான். ஒவ்வொருவர் பெயரையும் அவர்கள் விவசாயம் பார்க்கும் ஊரையும் சொன்னான். முரசின் இரண்டு பக்கத் தோலும் ஏன் வேறு வேறு என்று இரண்டு வாக்கியத்தில் விளக்கினான். அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தில் போன்கள் மேலே எழவில்லை. ஆட்டம் முடிந்ததும் மெக்கானிக்கல் துறைப் பெண் ஒருத்தி எழுந்து, அந்தத் தோலை எப்படி இழுத்துக் கட்டுகிறீர்கள் என்று குழுத் தலைவரிடம் கேட்டாள். அவர் முரசை மேடை விளிம்புக்குக் கொண்டுவந்து, கயிற்றை அவிழ்த்துக் காட்டியே பதில் சொன்னார். அன்றைக்கு நடந்த கேள்வி நேரங்களில் அதுதான் நீண்டது.

இந்த வருஷம் நிகழ்ச்சி நடத்தப்போகும் பிள்ளைகளுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். பேச்சாளர் பட்டியல், கலைஞர் பட்டியல் என்று இரண்டு வைத்திருந்தால் இன்றே ஒன்றாக்குங்கள். போஸ்டரில் எல்லாப் பெயரும் ஒரே எழுத்தளவில் வரட்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அவர் எந்தக் கேள்வியோடு வருகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால், அவரை எதற்காக அழைத்தோம் என்பது நமக்கே தெரியவில்லை என்று அர்த்தம். உடனே போனை எடுத்து அவரிடமே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.